டயருக்கும் டோஸ் உண்டு!

மலைப்பாதையில் எம்டிபி சைக்கிளை வேகமாக இறக்கும் தம்பி தங்கைகளுக்கும், வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் பயந்துகொண்டிருக்கும் பெற்றோருக்கும் இந்த இழை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

1/
ஒரு ஞாயிறு காலை, கேஷுவாலிட்டி டியூட்டி. 19 வயசுத் தம்பி ஒருத்தர் வலது கையை இடது கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தார். காலர் எலும்பு முறிவு.
"எப்படிப்பா விழுந்த?"
"எஸ்டேட் பாதைல இறங்கும்போது வளைவுல முன் டயர் வழுக்கிடுச்சு சார். நேத்துதான் ஃபுல்லா காத்து அடிச்சேன். அதான் புரியல."

2/
அந்த "ஃபுல்லா"தான் விஷயமே. லீவு நாள்ல நானும் சைக்கிள் ஓட்டுறவன், அதனால விசாரிச்சேன். டயர் பக்கவாட்டுல 'அதிகபட்சம் 65 பிஎஸ்ஐ'னு போட்டிருக்கு. பெட்ரோல் பங்க்ல 60 அடிச்சிருக்கார். தம்பியோட எடை 58 கிலோ.

3/
பாராசிட்டமால் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம். அதுக்காக வர்றவங்களுக்கெல்லாம் 4 கிராம் எழுதுவோமா? குழந்தைக்கு எடை பார்த்துத்தானே சிரப் கொடுக்கிறோம்? டயரில் இருக்கும் அந்தப் பெரிய எண் எல்லை. அது உங்க டோஸ் இல்லை.

4/
காற்று அளவா இருந்தா டயர் கல்லையும் வேரையும் அணைச்சுக்கிட்டுப் போகும், தரையில் படும் பரப்பும் அதிகம். கல்லு மாதிரி இருந்தா ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளுற நேரத்தில் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. பின் சக்கரம் வழுக்கினா பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினா நேரா எங்ககிட்டதான்.

5/
இன்னொண்ணு, அந்த அதிர்வு முழுக்க கைக்குத்தான் வரும். பத்து நிமிஷம் இறங்கினதும் முன்கை இறுகி, பிரேக் பிடிக்கிற விரல் சோர்ந்துடும். பாதையோட மோசமான பகுதி பெரும்பாலும் அப்பதான் வரும்.

6/
உடனே "அப்ப காத்தைப் பிடுங்கி விட்டுடலாம் டாக்டர்"னு கிளம்பாதீங்க! ரொம்பக் குறைஞ்சா ரிம் கல்லில் இடிச்சு நெளியும். டியூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ்னா வளைவுல சட்டுனு காத்து வெளியேறும். ரேஸ் வீரர்களோட நம்பரை வீடியோ பார்த்துக் காப்பி அடிக்காதீங்க. அவங்க டயர் தடிமன் வேற, உள்ளே வைக்கிற ஃபோம் வேற.

7/
சரி, எவ்வளவு? தொடங்க ஒரு கணக்கு:
70 கிலோ எடை, 2.3 முதல் 2.5 அங்குல டியூப்லெஸ் டயர்: முன் 22-23, பின் 25-26 பிஎஸ்ஐ.
டியூப் இருந்தா 4-5 கூட்டுங்க. டயர் ஒல்லியா இருந்தா இன்னும் கொஞ்சம்.
எடை 10 கிலோ கூடினாலோ குறைஞ்சாலோ சுமார் 1-2 மாத்துங்க.
டயரிலோ ரிம்மிலோ குறைந்தபட்ச அளவு போட்டிருந்தா அதுக்குக் கீழே போகவே கூடாது.

8/
அப்புறம் டோஸ் அட்ஜஸ்ட்மென்ட். தெரிஞ்ச சின்ன சரிவு ஒண்ணுல மூணு தடவை இறங்குங்க. துள்ளுது, கை எரியுதுன்னா 1 குறைங்க. ரிம் 'டங்'னு இடிக்குது, வளைவுல டயர் நெளியுதுன்னா 1-2 கூட்டுங்க. சரியா வந்த நம்பரை எழுதி வைங்க.

9/
கட்டை விரலால அமுக்கிப் பார்த்து "கரெக்டா இருக்கு"னு சொல்றது, நாடியை மட்டும் பிடிச்சு பிபி 120/80னு எழுதுற மாதிரி. 160 வரைக்கும் காட்டுற பம்ப் மீட்டர்ல 22க்கும் 26க்கும் வித்தியாசமே தெரியாது. தனியா ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்குங்க.

10/
நீலகிரி பக்கம் ஓட்டுறவங்களுக்கு: கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 300. மேலே செட் பண்ணின டயர் கீழே வரும்போது, காற்றழுத்த வித்தியாசத்தால மட்டும் கேஜ்ல சுமார் 2 பிஎஸ்ஐ குறைவா காட்டும். கீழே இருக்கிற வெயில் சூடு அதுல ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். ஓட்டப்போற இடத்துல அளங்க.

11/
"இதெல்லாம் லட்ச ரூபா சைக்கிளுக்கு சார், நமக்கெதுக்கு?"னு கேட்பாங்க. என் கருத்து நேர் எதிர். விலை கூடின சைக்கிள்ல நல்ல சஸ்பென்ஷன் கொஞ்சம் காப்பாத்தும். 15,000 ரூபா சைக்கிள்ல உங்களுக்கு இருக்கிற நல்ல சஸ்பென்ஷன் டயர்ல இருக்கிற காத்து மட்டும்தான். விக்கிற கடைக்காரர் "எத்தனை கிலோ தம்பி?"னு ஒரு கேள்வி கேட்டு, ரெண்டு நம்பர் எழுதிக் கொடுத்தா போதும். செலவு பூஜ்யம்.

12/
காத்து சரியா இருந்தாலும் ஹெல்மெட் கட்டாயம். கை ஊன்றி விழுந்து, கட்டை விரல் அடிப்பக்கக் குழியில வலி இருந்தா "சுளுக்கு"னு எண்ணெய் தேய்க்காதீங்க. அது ஸ்கேஃபாய்டு எலும்பு முறிவா இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில தெரியாமலும் போகலாம். கட்டு போட்டு, 10-14 நாள்ல மறுபடி எடுத்துப் பார்க்கணும். விட்டுட்டா மணிக்கட்டு வலி ஆயுசுக்கும் நிக்கும்.

13/
அந்தத் தம்பி ஆறு வாரம் கையைத் தொங்கப் போட்டுட்டு இருந்து, ரிவ்யூவுக்கு வந்தார். எலும்பு கூடியிருந்தது. கிளம்பும்போது பாக்கெட்ல இருந்து கேஜை எடுத்துக் காட்டி, "முன்ன 28, பின்ன 31 சார். டியூப்தான்" என்றார்.

அன்னிக்கு ஓபியில நான் கேட்ட நல்ல செய்தி அதுதான்.

இறங்குங்க, ரசிச்சு இறங்குங்க. அளந்துட்டு இறங்குங்க.