மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலங்கள்

திருச்செந்தூருக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் ஓரத்தில், மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் விளங்கும் மணப்பாடு என்னும் ஊரை நம்மவரிற் பலர் அறிவர். 1973ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவ்வூரையடுத்த கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 43 ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே ஜனவரி மாதத்தில், அதே இனம் மீண்டும் வந்தது. இம்முறை வந்தவை 80 வரையில். அவற்றுள் 40க்கு மேற்பட்டவை மடிந்தன.

இவை 'பைலட்' திமிங்கிலம் எனப்படும். பெயரளவிலேயே திமிங்கிலம், உண்மையில் ஓங்கில் குடும்பத்தைச் சார்ந்தவை. ஆழ்கடலிற் கணவாய் தின்று, தாயும் சேயும் பாட்டியுமாய்க் கூட்டம் பிரியாது திரிவன. மெல்லச் சரியும் மணற்கரையில் அவை எழுப்பும் ஒலி செம்மையாய் மீளாமையால் வழி தவறுகின்றன என்பர் சிலர். நோயுற்ற ஒன்றைப் பின்பற்றி மற்றவை வருகின்றன என்பாரும் உளர்.

2016இல் அக்கரைப் பரதவர் அரும்பாடுபட்டு அவற்றைப் படகுகளால் இழுத்துக் கடலில் விட்டனர். விட்டவற்றுட் பல மீண்டும் கரைக்கே திரும்பின. இதனைக் கொண்டு, சாகவேண்டுமென்றே வருகின்றன என்று சொல்வோர் உண்டு. எமக்கு அஃது உடன்பாடன்று. தன் சுற்றம் மணலிற் கிடந்து ஒலியெழுப்ப, அதனைவிட்டு எங்ஙனம் போகும்? தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச்சென்ற மேய்ப்பனைப் போற்றும் நாம் இதனை மட்டும் மடமை என்பது என்ன நியாயம்?

ஆகவே ஒவ்வொன்றாய்த் தள்ளிவிடுவதிற் பயன் சிறிது. கரையிலேயே உயிரோடு காத்து, இயன்றவரை கூட்டமாய் ஒரே வேளையில் விடுதலே முறை. நீருக்கு வெளியே அவ்வுடல் தன் கொழுப்பின் வெப்பத்தாலே தவித்து, தன் பாரத்தாலே நசுங்குகின்றது. ஆதலால் அதனைக் குப்புற நிமிர்த்தி, ஈரத்துணி போர்த்தி, இடைவிடாது நீர் ஊற்றவேண்டும்; உச்சியிலுள்ள மூச்சுத்துளையில் நீரும் மணலும் புகாது பார்க்கவேண்டும்; வாலிற் கயிறு கட்டி இழுத்தல் ஆகாது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்கும் உண்டு; மெய்யே. ஆயினும் சட்டம் மணலில் இறங்கி நீர் ஊற்றாது. முதலில் ஓடிவருபவர் கரையூராரே. அவர்க்கு இவற்றைச் சொல்லாது, பிராணிநூல் வகுப்பிலே திமிங்கிலத்தின் எலும்புகளை எண்ணிக்கொண்டிருத்தல் எனக்குச் சற்றே நாணமாயிருக்கின்றது. கடற்கரையூர்களிலிருந்து வந்து பயிலும் மாணவர் பொங்கல் விடுமுறையில் வீடு செல்லுங்கால், படகோட்டும் தந்தையரிடமும் தமையன்மாரிடமும் இம்முறையைச் சொல்வாராக. அக்காலத்துக் காற்றையும் நீரோட்டத்தையும்பற்றி அவர்கள் கூறுவனவற்றைக் குறித்து வருவாராயின், எம் வகுப்பிற்கும் அது பாடமாகும்.