பாட்டியையும் கிளினிக்கிற்கு அழைத்துப் போங்கள்

ஜொகூர் பாருவில் பாலர் வகுப்பு நடத்துகிறேன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத, மற்றப் பிள்ளைகள் இருப்பதையே கவனிக்காத ஒரு பிள்ளையாவது ஆண்டுதோறும் என் வகுப்புக்கு வருகிறது. பெற்றோரிடம் மெதுவாகப் பேச்செடுத்தால், "கிளினிக்கில் எல்லாம் சரி என்றார்களே, டீச்சர்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்திலும் அப்படித்தான் குறித்திருக்கும்.

நம் நாட்டு அரசாங்க கிளினிக்குகளில் குழந்தையின் 18-ஆவது மாதத்திலும் பிறகு 3 வயதிலும் எம்-சாட் என்ற கேள்வித்தாளைக் கொண்டு ஆட்டிசத்துக்கான தொடக்கச் சோதனை செய்கிறார்கள். அமெரிக்காவில் டயானா ராபின்ஸ் குழுவினர் 2001-இல் வெளியிட்டது இது. ரத்தமும் எடுப்பதில்லை, இயந்திரமும் கிடையாது. 23 கேள்விகள், 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில். அவற்றில் ஆறு முக்கியமானவை: மற்றப் பிள்ளைகள்மீது ஆர்வம் உண்டா, எதையாவது விரல் நீட்டிக் காட்டுமா, பொருளைக் கொண்டுவந்து காட்டுமா, நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுமா, பெயர் சொன்னால் திரும்புமா, நீங்கள் சுட்டும் பக்கம் பார்க்குமா. இந்த ஆறில் இரண்டு, அல்லது மொத்தத்தில் மூன்று தவறினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

கேள்விகள் நல்லவைதான். பதில் சொல்வது யார் என்பதில்தான் எனக்குக் கவலை.

நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார்சைக்கிளிலும் தொழிற்சாலை பஸ்ஸிலும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! திரும்பி வரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. பகல் முழுவதும் பிள்ளையைப் பார்ப்பவர் பாட்டி, அல்லது பக்கத்து வீட்டு ஆயா. கிளினிக் நாளில் லீவு எடுத்துக்கொண்டு வருபவரோ அம்மா. பின்னால் வரிசை நீள்கிறது. 'விரல் நீட்டிக் காட்டுவானா?' என்றால் அம்மாவுக்கு நினைவு வருவது, மைலோ வேண்டும் என்று தன் கையைப் பிடித்து அலமாரிப் பக்கம் இழுத்தது. 'ஆம்' என்று போடுகிறார். வேண்டியதைப் பெறக் கையை இழுப்பது வேறு. சும்மா, நாமும் பார்த்து மகிழ வேண்டும் என்று வானத்து விமானத்தைச் சுட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு. பின்னதுதான் முக்கியம். செனாய் பக்கம் வீடு என்றால் ஒரு நாளில் எத்தனை விமானம் பறக்கிறது! பேரன் ஒன்றையாவது காட்டினானா என்பது பாட்டிக்குத்தான் தெரியும்.

பாட்டியிடம் "பிள்ளை நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "அவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான்" என்று வழக்கை முடித்துவிடுவார். என்ன செய்கிறான், எப்படி விளையாடுகிறான் என்று கேளுங்கள். சரியான சாட்சி சொல்வார். தாளில் உள்ள மலாய் வாசகத்தைத் தமிழில் விளக்கத் தாதிக்கோ உடன் வருபவருக்கோ ஐந்து நிமிடம் போதும்.

'இல்லை' என்று போட்டால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. அது புரிகிறது. ஆனால் இந்தத் தாள் தீர்ப்பு சொல்வதில்லை. இதன் திருத்திய வடிவத்தை அமெரிக்காவில் ஏறக்குறைய 16,000 குழந்தைகளிடம் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மறு விசாரிப்புக்குப் பிறகும் தவறியவர்களில் பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம். ஆனால் நூற்றில் 95 பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சிக் குறை இருந்தது. அதாவது, வீணாக அனுப்பப்பட்ட பிள்ளைகள் மிகக் குறைவு.

செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். பிள்ளையைப் பரிசோதிக்கவும் தொடக்கப் பயிற்சிக்கும் ஆகும் செலவுக்கு வருமான வரிக் கழிவு உண்டு; 2025 மதிப்பீட்டு ஆண்டில் அது 6,000 ரிங்கிட் வரை இருந்தது. முன்பு 4,000-ஆக இருந்தது. வரி கட்டும் அளவு சம்பளம் இல்லாத குடும்பங்களுக்கு இதனால் பயனில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாலர் பள்ளிகள் சேர்க்கையின்போது பிறப்புப் பத்திரத்தோடு அந்தப் பதிவுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஊசிப் பக்கத்தை மட்டுமல்ல, எம்-சாட் பக்கத்தையும். இதைப் படிக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும் ஒரு வேலை இருக்கிறது: தம்பி தன்போக்கில் விளையாடுவதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பிடித்து வையுங்கள். அம்மா அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது தாதியிடம் காட்டட்டும்.