ஷீட் பறந்ததற்கு யார் பொறுப்பு? புயல் வீடுகள் குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

நிவாரண வீடுகளில் ஷீட் பறந்ததற்குத் 'தரமற்ற வேலையே காரணம்' என்று மேலே அறிக்கை போயிருப்பதும், அதைக் காட்டி நம் ஆட்களின் பாக்கிக் கூலி நிறுத்தப்பட்டிருப்பதும் உறுப்பினர்கள் அறிந்ததே. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதிலிருந்து நடந்தவற்றைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. செயற்குழுவில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்ட அளவில் இந்த அறிக்கை வெளியிடப்படுகிறது.

ஒழுங்காகக் கம்பி கட்டி வார்த்த மெத்தை வீடு புயலில் தன் எடையாலேயே நிற்கும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் காப்பது தனிப் பாடு. ஓட்டு வீட்டில் ஓடு போகும், பெரும்பாலும் சுவர் மிஞ்சும். கீற்றுக் கூரை பிய்ந்துபோகும் என்பதில் மறுப்பில்லை. ஆனாலும் நாலு பக்கமும் சரித்து இறக்கிய கூரை, இரு பக்கச் சரிவைவிடக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதைப் பதிவு செய்கிறோம். மண் சுவர் குறித்துக் குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.

பேச வேண்டியது ஷீட் வீட்டைப் பற்றி. பறந்த கூரைகளை ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடித்த ஆணி சட்டத்திலேயே இருக்கிறது. ஆணித் தலைக்கடியில் காசளவு ஷீட் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சம் அடுத்த தெருவில் கிடக்கிறது. ஆணி பிடுங்கிக்கொள்ளவில்லை, ஷீட்தான் கிழிந்திருக்கிறது. அகல வாஷரோடு ஜே போல்ட் போட்டிருந்தால் அவ்வளவு எளிதில் கிழியாது.

காற்று கூரையை அழுத்துவதைவிட உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். கதவோ ஜன்னலோ உடைந்தால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து நெட்டும். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ அழுத்தம். மூலையிலும் ஓரத்திலும் அதற்கும் மேல். அதே பரப்புக்குத் தகர ஷீட்டின் எடை 5 கிலோ அளவில்தான். பாக்கியைப் பிடித்துவைப்பது போல்ட். அதுவும் போதாது. ரீப்பரைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவர்மேல் ஓடும் பெல்ட் கான்கிரீட்டோடும் இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷீட் தப்பும், கூரையே மொத்தமாகக் கிளம்பும். இவை நாம் கண்டுபிடித்தவை அல்ல. சிறு வீடுகளைப் புயலுக்குத் தாங்கவைப்பதற்கென்றே ஐ.எஸ். 15498 என்ற வழிகாட்டி 2004-லேயே வந்துவிட்டது. ஆனால் நம்மிடம் தந்த எஸ்டிமேட்டில் போல்ட் இல்லை, வாஷர் இல்லை, பட்டை இல்லை. வாங்கித் தராத போல்ட்டை ஏன் முடுக்கவில்லை என்று கொத்தனாரைக் கேட்கிறார்கள்!

வேலையில் எங்குமே குறை இல்லை என்று சங்கம் வாதிடவில்லை. சில இடங்களில் இருந்திருக்கலாம்.

இன்னொன்று. காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் 2015 திருத்தம், கிழக்குக் கடற்கரையில் 60 கி.மீ. உள்வரை புயலுக்கென ஒரு பெருக்கெண் வைத்திருக்கிறது. புயல் காப்பகம், மருத்துவமனை போன்றவற்றுக்கு 1.30. தொழிற்கூடத்துக்கு 1.15. மற்ற எல்லாவற்றுக்கும் 1.00. நம் மக்கள் படுத்துறங்கும் வீடு அந்த 'மற்ற' கணக்கில் வருகிறது. செலவு கருதி அப்படி வைத்திருக்கலாம் என்று பொறியாளர் உறுப்பினர்கள் சொன்னதைக் குழு குறித்துக்கொண்டது. மில் ஷெட்டுக்குக் கிடைத்த கரிசனம் வீட்டுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டது.

ஆகவே, நிறுத்திய கூலியை உடனே தர வேண்டும். ஷீட் கூரை எஸ்டிமேட் ஒவ்வொன்றிலும் போல்ட், வாஷர், பட்டை தனி வரியாக ஏற வேண்டும். அவை இல்லாத வேலையை உறுப்பினர்கள் ஏற்பதில்லை என்று குழு பரிந்துரைக்கிறது. மழைக்காலத்தில் கூலி போகும் என்று இரண்டு கிளைகள் எதிர்த்திருப்பதால், பொதுக்குழு கூடும்வரை இதைக் கட்டாயமாக்கவில்லை. அதுவரை ஆணி மட்டும் அடிக்கச் சொல்லும் இடங்களில், சொன்னவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அடியுங்கள்.