கர்ஜித்த சிங்கம் பூனையான கதை!



ஜும்ஆ முடிந்து பள்ளியை விட்டு வெளியே வந்தால், வாசலில் நாலு இளைஞர்கள் ஒரு செல்போனைச் சுற்றி நிற்கிறார்கள். திரையில் ஜார்ஜ் கேலோவே. 2005 மே 17 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்துகொண்டு, ஈராக் யுத்தம் பொய்யின் மேல் கட்டப்பட்டது என்று அவர்கள் முகத்துக்கு நேரே முழங்குகிறார். "ஹஜ்ரத், நமக்கு இப்படி ஒரு ஆள் இல்லையே!" என்று ஏங்குகிறார்கள்.

ஈராக்கைப் பற்றி அவர் அன்று சொன்னது உண்மைதான். அந்த யுத்தத்தை எதிர்த்ததற்காக 2003இல் தொழிற்கட்சியை விட்டே துரத்தப்பட்டவர் அவர். அதில் ஒரு குன்றிமணி அளவும் நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த முழக்கத்துக்கு எட்டு மாதம் கழித்து வந்த இன்னொரு காட்சியை நீங்கள் பார்த்ததுண்டா?

2006 ஜனவரி. சேனல் 4 தொலைக்காட்சியின் 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீடு. அதே கேலோவே, 51 வயது பாராளுமன்ற உறுப்பினர், முட்டிபோட்டுத் தவழ்ந்து ஒரு நடிகையின் உள்ளங்கையில் இல்லாத பாலை நக்கிக் குடிக்கிறார். பூனையாம்! இன்னொரு நாள் உடம்பை ஒட்டிய சிவப்பு உடையில் இயந்திர மனிதனைப் போல ஆட்டம். நவூது பில்லாஹ்!

பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் அண்ட் போ தொகுதி. சில்ஹெட்டிலிருந்து பிழைக்கப் போன வங்காள முஸ்லிம்கள் பிரிக் லேனில் சாப்பாட்டுக் கடையும் ஒயிட்சேப்பலில் தெருக்கடையும் போட்டு வாழும் பகுதி. ஈராக் யுத்தத்தை ஆதரித்த ஊனா கிங்கைத் தோற்கடித்து, 2005 மே மாதம் 823 ஓட்டு வித்தியாசத்தில் இவரை ஜெயிக்க வைத்தார்கள். 823! நம்மூரில் ஒரு மஹல்லாவின் ஓட்டு. கையிலிருந்த ஒரே ஆயுதத்தை அவர் கையில் கொடுத்தார்கள். ஓட்டு என்பது அமானிதம். அதை வாங்கியவர் ஏறத்தாழ மூன்று வாரம் காமிராவுக்கு முன் அடைந்து கிடந்தார்.

வியாபாரம் செய்கிறவர்களே, நீங்கள் சொல்லுங்கள். ஹஜ்ஜுக்குப் போகும்போது கடைச் சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். அவர் கடையைப் பூட்டிவிட்டுத் திருவிழாவில் வேஷம் கட்டப் போய்விட்டார். வந்து கேட்டால், "கடைக்கு விளம்பரம் தேடத்தான் போனேன், முதலாளி" என்கிறார். விடுவீர்களா? அந்தத் தொகுதியைக் குடைந்துகொண்டு போகவிருந்த கிராஸ்ரெயில் ரயில் பாதையைப் பற்றி அந்த ஜனவரியில்தான் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. தொகுதி எம்.பி. அங்கே இல்லை!

அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. அரசியல் பக்கமே எட்டிப் பார்க்காத இளைஞர்களிடம் யுத்தத்தைப் பற்றிப் பேசலாம். பாலஸ்தீன மக்களுக்கு உதவும் இண்டர்பால் அறக்கட்டளைக்குப் பணமும் சேரும் என்றார். நிய்யத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் நடந்தது என்ன? அவர் அரசியல் பேசிய பேச்சையெல்லாம் சேனல் வெட்டியது. ஒருதலைப்பட்ச அரசியலை ஒளிபரப்ப விதி இடம் தராதாம். ஈராக்கை வெட்டினார்கள், பூனையைக் காட்டினார்கள்! கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் தலையைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இதைவிடக் கொடுமை ஒன்று. ஈராக்கில் குண்டு போடக் கை தூக்கிய தொழிற்கட்சிக்காரர்கள், தொகுதி மக்களை அவமதிக்காதே என்று அவருக்கு எதிராகக் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். பாக்தாதை எரித்தவர்களுக்கு ஒயிட்சேப்பல் ஏழை மேல் கரிசனம்! அந்த வாய்ப்பைத் தட்டில் வைத்துக் கொடுத்தது யார்?

(இதே பிக் பிரதர் சரக்குதான் 2017இல் 'பிக்பாஸ்' என்று தமிழுக்கு வந்தது. நடத்திய கமல்ஹாசன் மறு வருஷமே கட்சி தொடங்கினார். நடத்துவது வேறு, உள்ளே போய் அடைபடுவது வேறு என்பீர்கள். சரி, விடுங்கள்.)

பெத்னல் கிரீன் மக்கள் அவ்வளவு சீக்கிரம் கைவிடவும் இல்லை. அதே 2006 மே மாதம் டவர் ஹாம்லெட்ஸ் உள்ளாட்சித் தேர்தலில் அவருடைய ரெஸ்பெக்ட் கட்சிக்கு 12 இடம் கொடுத்தார்கள். மறு வருஷம் கட்சி இரண்டாக உடைந்தது. 2010இல் தொகுதி மறுபடி தொழிற்கட்சியிடமே போனது. 2012இல் பிராட்ஃபோர்டு மேற்கு இடைத்தேர்தல். 10,140 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி, 2015இல் தோல்வி. 2024 பிப்ரவரி 29இல் ரோச்டேல். காஸாவின் பெயரால் ஜெயித்தார், ஜூலையில் போனது. மூன்று ஊர், மூன்றிலும் முஸ்லிம்களின் கோபம்தான் மூலதனம். மூன்றிலும் அடுத்த பொதுத் தேர்தலில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? தெருத் தெருவாக நடந்து வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் வருகிறார்கள். நல்ல பேச்சாளர் வருகிறார் என்றால் பந்தல் கொள்ளவில்லை. நானும் மேடையில் பேசிப் பிழைக்கிறவன்தான், தக்பீர் முழக்கம் காதில் விழுந்தால் எனக்கும் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அந்த மயக்கம் என்னவென்று தெரிந்துதான் சொல்கிறேன்.

செனட் வீடியோவை அழிக்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். பூனை வீடியோவையும் அதன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலில் நம் வேட்பாளரே சால்வையோடு உங்கள் கடை வாசலில் வந்து நிற்பார். போன முறை சபைக்கு எத்தனை நாள் போனீர்கள், நம் வக்ஃபு நிலத்துக்காக எத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடித்த பிறகு டீ சொல்லுங்கள்.