தொண்டைக்குத் தவணை உண்டா?

கஹவத்தைப் பகுதித் தோட்டமொன்றின் பிரட்டுக்களம். விடியற்காலைத் தூறலில் ஒரு பெண் நிற்கிறாள். இரண்டு நாள் லயத்தில் முடங்கி, கொத்தமல்லித் தண்ணீரும் உப்புநீர்க் கொப்பளிப்புமாகக் கிடந்தவள், மூன்றாம் நாள் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நோய் தீர்ந்தா வந்தாள்? இல்லை. இரண்டு நாட் சம்பளம் போயிற்று. மூன்றாம் நாளும் போனால் கடைக்காரன் பற்று எழுத மறுப்பான் என்று வந்தாள். கங்காணி பெயர் கூப்பிட்டபோது கையைத்தான் உயர்த்தினாள். குரல் எழவில்லை.

இவள் ஒருத்தியல்லள். எந்தத் தோட்டத்திலும், எந்த மழைக்காலத்திலும் இவளைக் காணலாம்.

நான் சட்டத்தரணி. எனக்குத் தொண்டை கட்டினால் நீதிமன்றத்தில் விண்ணப்பிப்பேன். வழக்குக்குத் தவணை கிடைக்கும். கட்சிக்காரர் முணுமுணுப்பார், அவ்வளவே. கஹவத்தைக் கடைவீதியில் துணி கிழிக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு உண்டு. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம், ஆண்டில் 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை தந்து, சொந்த அலுவலுக்கோ சுகவீனத்துக்கோ எடுத்துக்கொள் என்கிறது. அந்தச் சட்டம் 70 ஆண்டு கடந்தும் கடைவீதியைத் தாண்டித் தேயிலை மலையேறவில்லை! தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தை ஆள்வது 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு வருடாந்த விடுமுறை உண்டு. நோய்க்கென்று சம்பளத்தோடு ஒரு நாள்? புரட்டிப் பார்த்தேன், இல்லை. தொழில் செய்யும் பெண் பிள்ளை பெறுவாள் என்பதை 1939இலேயே ஒப்புக்கொண்ட சட்டம், அவளுக்குக் காய்ச்சலும் வரும் என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த நிலையிலே வந்தது 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம். நாட்சம்பளம் 1350 ரூபாவிலிருந்து 1550 ஆகும். அதற்குமேல் 200 ரூபாவை வருகை ஊக்குவிப்பாக அரசாங்கம் தரும். ஆக 1750 என்றார்கள். கைதட்டியவர்களில் நானும் உண்டு. ஆனால் ‘வருகை’ என்ற அந்தச் சொல்லை எத்தனை பேர் நின்று கவனித்தோம்? 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்திலும் 60 ரூபா வருகைக் கொடுப்பனவு இருந்தது. வேலைநாளில் நூற்றுக்கு 75 பங்கு வந்தவர்க்கே அது. 2019இல் அதை நீக்கினார்கள். முன்வாசலால் போனது பின்வாசலால் வந்திருக்கிறது. வருகைக்குப் பரிசென்றால், வர இயலாதவளுக்கு அது தண்டமன்றோ? படுத்திருந்தால் 1750உம் இல்லை. எழுந்து வந்தாலும், நிர்ணயித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர்.

தொண்டைவலியெல்லாம் ஒரு நோயா என்று துரைமார் சிரிக்கக்கூடும். பெரும்பாலான தொண்டைவலி வைரசால் வருவது. ஒரு வாரத்தில் தானே தணியும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை அதற்குப் பயன்படாது. ஓய்வும் வெந்நீருமே மருந்து. டிஸ்பென்சரி அலுமாரியில் எல்லாம் இருக்கலாம், ஓய்வு இருக்குமா? அதைத் தரவேண்டியது சட்டம்! இன்னொன்றும் உண்டு. சில தொண்டைவலி பாக்டீரியாவால் வருவது. சிறுவரையே அதிகம் தாக்கும். உரிய நேரத்தில் பெனிசிலின் கொடுக்காவிட்டால் சிலருக்கு வாதக்காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுத்துவிடும். ஓரறை லயத்தில் தாயும் பிள்ளைகளும் ஒரே பாயில் படுக்கும்போது, ஒருவர் தொண்டை ஒருவரோடு நிற்குமா?

விடுமுறை கொடுத்தால் பொய்நோய் பெருகும் என்பார்கள். 1954 முதல் கடைகளுக்குக் கொடுத்தார்களே, எந்தக் கடைவீதி அதனால் பூட்டிக் கிடக்கிறது? பொய்யைப் பிரிக்கத்தான் மருத்துவரின் துண்டு இருக்கிறது.

தொழிற்சங்கத்தாராகிய நாமும் குற்றவாளிகளே. சம்பள எண்ணை மட்டும் மேடைதோறும் முழங்கினோம். நோயுற்ற நாளைப் பேச மறந்தோம். 2021இல் சம்பளச் சபை 1000 ரூபாவை நிர்ணயித்ததோடு கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ஆகவே இனிப் பாராளுமன்றத்தில்தான் கேட்கவேண்டும். கேட்பது இரண்டே: கட்டளைச் சட்டத்தைத் திருத்தி ஆண்டுக்கு 7 நாளேனும் சம்பளத்தோடு சுகவீன விடுமுறை, மருத்துவத் துண்டு காட்டிய நாளை வருகை நாளாகவே கொண்டு அந்த 200 ரூபா.

சந்தா கேட்டு லயத்துக்கு வரும் தலைவரிடம் இவ்விரண்டையும் கேளுங்கள். தொண்டை கட்டியிருந்தால் எழுதிக் கொடுங்கள்.