ஏற்றத்தில் கொதிக்கும் கார்

நம்மிடம் 25 ஆண்டு பழைமையான டர்போ டீசல் கார் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு விடுமுறையில், யாழ்ப்பாணத்திலிருந்து கம்பளை வரை சாதுவாக ஓடிய அவ்வண்டி, நுவரெலியாவுக்கு ஏறும் இறம்பொடைப் பாதையில் கொதித்து நின்றது. முதிய அன்னையாருடன் மழையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மைத்துனர் ரேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனார். நல்ல வேளை, தடுத்தோம். மூடியின் அழுத்தத்தினால் நூறு பாகையைத் தாண்டியும் கொதியாதிருக்கும் நீர், திறந்த கணமே ஆவியாய்ச் சீறி முகத்தை வேகவைத்துவிடும்.

வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி இயந்திரத்துள் தள்ளுவதே டர்போ. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் புக்கி 1905 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகும், வெப்பமும் மிகும். ஏற்றத்தில் அவ்வளவையும் சுமக்க வேண்டியது ரேடியேற்றரே.

ஊர் திரும்பியதும் கராஜில் தெர்மோஸ்ரற்றை மாற்றினர். பின்னர் நீர்ப் பம்பியை மாற்றினர். இறுதியில், தெர்மோஸ்ரற்றையே கழற்றி எறியுங்கள் என்றனர். இது நம் நாட்டில் வழங்கும் தவறான வைத்தியம். இயந்திரம் தனக்குரிய சூட்டை அடையாது தேயும். நோயோ அப்படியே இருக்கும். ஐயமிருப்பின் அதனை நீர்ச் சட்டியிலிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அதில் பொறித்த பாகையில், பெரும்பாலும் 82 இல், திறக்கத் தொடங்கும்.

முள் எப்போது ஏறுகின்றது என்பதையே முதலில் நோக்க வேண்டும். சன நெரிசலில் ஊரும்போது மட்டும் ஏறின் விசிறியைச் சோதிக்க. ஒழுக்கின்றியே நீர் குறைந்து, குளிர்ந்த இயந்திரத்தை இயக்கியவுடன் ரேடியேற்றரில் குமிழி இடைவிடாது எழுமாயின், ஹெட் காஸ்கற்றை ஐயுறுக. நமது வண்டியோ ஏற்றத்தில் மட்டும் கொதித்தது. இயந்திரத்தை நிறுத்தி, விசிறி சுழலாதவாறு செய்து, சூடு சற்றுத் தணிந்தபின் ரேடியேற்றரை உள்ளங்கையால் தடவினோம். ஓரங்கள் சுட்டன, நடுப்பகுதி குளிர்ந்திருந்தது. கழற்றிப் பார்த்தால் குழாய்களெங்கும் வெண்சுண்ணாம்பு! குற்றம் கராஜினதன்று. சுண்ணக்கற் பாறையில் ஊறிய நம் கிணற்று நீரை ஆண்டாண்டாக ஊற்றியவர் நாமே.

உட்கூட்டையும் மூடியையும் புதிதாக்கி, வடித்த நீரும் கூலன்றும் சமபங்காக நிரப்பினோம். இவ்வாண்டு அதே ஏற்றத்தில் முள் நடுவைத் தாண்டவில்லை. கிணற்று நீர்ப் போத்தல் மட்டும் இன்னும் வண்டியிற் கிடக்கின்றது. அதை எடுத்தெறிய அன்னையார் இசைவதில்லை.