ஓட்டினால் மட்டும் போதுமா?



நம் அறிவியல் அறை பீரோவில் ஒரு ரிமோட் லாரி இருக்கிறது. முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. அறிவியல் கண்காட்சி அன்று மட்டும்தான் அது வெளியே வரும். ஓட்டுவது யார்? பையன்கள். பக்கத்தில் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்வது யார்? நாங்கள். கண்காட்சி முடிந்ததும் பீரோ பூட்டப்படும்.

என் கருத்து இதுதான். அந்த லாரியை ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது, பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்கிற கைகளில் மாணவிகளின் கைகளும் இருக்க வேண்டும்.

"பொம்மை வண்டியில என்ன பாடம் இருக்கு?" என்று கேட்பீர்கள். நிறைய இருக்கு!

முதலில் டிஃபரன்ஷியல். மாட்டு வண்டி திரும்பும்போது பாருங்கள். வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போகும். வண்டியை இழுப்பது மாடு. சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுற்றுவதால் தொல்லை இல்லை. வரதர் கோயில் தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போட்டு ஒரு பக்கத்தைத் தடுத்து, இன்னொரு பக்கத்தை நகர விடுகிறார்கள். லாரியில் இந்த இரண்டும் முடியாது. அதில் ஒரே மோட்டார் இரண்டு பக்கச் சக்கரங்களையும் சுழற்றுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 30 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். லாரி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் 2 × 3.14 × 30, அதாவது சுமார் 188 செ.மீ. அதிகமாகப் போக வேண்டும். சக்கரத்தின் விட்டம் 10 செ.மீ. என்றால் அது 6 சுற்று அதிகம். சின்ன வட்டம் அடித்தாலும் பெரிய வட்டம் அடித்தாலும் அதே 6 சுற்றுதான்! இந்த 6 சுற்றுக்கு வழி விடுவதுதான் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் குட்டிக் கியர்களின் வேலை.

ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பாலாற்று மணல் மாதிரி இடத்தில் ஒரு சக்கரம் பிடி இல்லாமல் போனால், அந்தச் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. அதனால்தான் பந்தய ரிமோட் வண்டிகளில் டிஃபரன்ஷியலுக்குள் சிலிகான் ஆயில் ஊற்றுகிறார்கள். ஆயில் டப்பாவில் ஓர் எண் இருக்கும். எண் கூடினால் ஆயில் கெட்டி. கெட்டி ஆயில் ஒரு சக்கரம் மட்டும் தனியாக ஓடுவதைத் தடுக்கும். ஆனால் ரொம்பக் கெட்டியாகப் போட்டால் வண்டி சுலபமாகத் திரும்பாது. எது சரி என்பதைத் தரைதான் சொல்லும்.

அடுத்தது சஸ்பென்ஷன். ஸ்பிரிங் மேட்டில் அமுங்கி மறுபடி நிமிரும். அதோடு இருக்கும் ஷாக் அப்சார்பரில் உள்ள ஆயில் அந்தத் துள்ளலை அடக்கும். ஸ்பிரிங் ரொம்ப விறைப்பாக இருந்தால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்தால் பயன் இல்லை. ரொம்பத் தளர்வாக இருந்தால் வளைவில் வண்டி சாயும், அடிப்பாகம் தரையில் தட்டும்.

இது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை. பாவு ரொம்ப இழுவையாக இருந்தால் இழை அறுந்துபோகும், தளர்ந்தால் நெசவு கெட்டியாக விழாது. நம் வீடுகளில் அம்மாவும் அப்பாவும் கை வைத்துப் பார்த்தே இதைச் சொல்லிவிடுகிறார்கள். தறியில் பெண்கள் கை வைக்கலாமாம், லாரியில் வைக்கக்கூடாதாம். இது என்ன நியாயம்?

இதெல்லாம் பொம்மையோடு முடிகிற விஷயமும் இல்லை. நம் நாட்டின் ரிமோட் வண்டி ஒன்று நிலாவில் நிற்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. அதிலிருந்து வெளியே வந்த பிரக்யான் ரோவரின் எடை 26 கிலோ. ஆறு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றித்தான் அது திரும்பியது. நம் டிஃபரன்ஷியல் பாடம் அங்கேயும் இருக்கிறது பாருங்கள்! அதன் சஸ்பென்ஷன் 'ராக்கர் போகி' எனப்படும் இணைப்புக் கைகளால் ஆனது. ஒரு சக்கரம் கல் மேல் ஏறினாலும் மற்றவை தரையிலேயே இருக்கும். ஆகஸ்ட் 27 அன்று எதிரே 4 மீட்டர் அகலப் பள்ளம் வந்தது. பூமியிலிருந்து கட்டளை அனுப்பி வேறு பாதையில் திருப்பினார்கள். அது 100 மீட்டருக்கு மேல் ஓடியது.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து மேலே போனவர். துணைத் திட்ட இயக்குநர் கல்பனா. அதற்கு முன் 2019-இல் சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் வனிதா. இருவரும் பெண்கள். அவர்களிடம் யாராவது "நீங்க சார்ட்டைப் பிடிங்க, நாங்க ஓட்டறோம்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் தெருக்களிலிருந்து தினமும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேன் போகிறது. எத்தனையோ அக்காக்கள் அதில் போகிறார்கள். அங்கே காரும் லாரியும் தயாராகின்றன. நாமும் நாளைக்குப் போவோம். கொடுத்த பாகத்தைக் கொடுத்த இடத்தில் மாட்டுகிறவர்களாக மட்டும் போகப் போகிறோமா? அந்தப் பாகம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்களாகப் போகப் போகிறோமா? இதைப் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு யோசித்தால் தாமதமாகிவிடும்.

"பிரித்தால் கெட்டுப்போகும், திருகாணி தொலைந்துபோகும்" என்று ஆசிரியர்கள் கவலைப்படுவது எனக்கும் புரிகிறது. அன்பளிப்பாக வந்த பொருள், பத்திரமாகத்தான் வைக்க வேண்டும். ஆனால் பூட்டியே வைத்தாலும் பேட்டரி வீணாகும், ரப்பர் கெட்டுப்போகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பெரியவர்கள் சொன்னதுதானே?

என் யோசனை இதோ. வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் ஆறு பேர் கொண்ட ஒரு குழு, மூன்று மாணவர், மூன்று மாணவி. ஒரு தட்டும் ஒரு பழைய துணியும் போதும், திருகாணி எங்கேயும் போகாது. ஒரு வாரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் நல்லது நடந்தது என்று தெரியாது. ஸ்பிரிங்கை மாற்றினால் ஆயிலைத் தொடக்கூடாது. மைதானத்தில் ஓட்டி, எத்தனை வினாடி ஆனது என்று நோட்டில் எழுத வேண்டும். ரிமோட் யார் கையில்? அந்த வாரம் யார் திருகாணியைத் திருகினார்களோ அவர்கள் கையில்!

இதை ஒப்புக்கொள்ளும் தோழர் தோழிகள் உங்கள் பெயரை எழுதி என்னிடம் கொடுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியரிடம் விண்ணப்பமாகக் கொடுப்போம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள், நான் படிக்கத் தயார்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி